ஒடெட்டாவின் எடைத்தட்டில் உட்காரும் வேலை

"இந்த ஊர்ல ஒரு ஆளுக்காவது சும்மா உட்காரத் தெரியுதா?"

ஒடெட்டா தினமும் இதைச் சொல்வாள். காலையில் வொர்க்‌ஷாப் ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். அவள் சொல்வதில் தப்பில்லை. இத்தாலியில் எங்கள் ஃபியொரானோ ஊர்க்காரர்களின் கையைக் கட்டிப் போட்டால் பேச்சும் நின்றுவிடும். அவள் தொழிலுக்கு அந்தக் கைகள்தான் எமன்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சஸ்பென்ஷன் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவளிடம் வருவார்கள். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரத்தைப் பிடித்திருக்கும் மூட்டுகள், இவ்வளவுதான் அவள் உலகம். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் பக்கத்துத் தெருவைக் கைகாட்டுவாள். எல்லாம் பார்த்து முடித்ததும் காரின் நாலு சக்கரத்தையும் நாலு எடைத்தட்டில் ஏற்றுவாள். எந்தச் சக்கரம் எவ்வளவு சுமக்கிறது என்று திரையில் தெரியும். ஓட்டுகிறவரின் எடையும் சீட்டில் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். சொந்தக்காரரை உட்கார வைத்தால் அவர் காரின் பெருமையை இரண்டு கையாலும் சொல்லத் தொடங்குவார். திரையில் எண்கள் ஆடும். ஒடெட்டா பல்லைக் கடிப்பாள்.

நான் அங்கே போனது சண்டை போடத்தான். என் வீடு அவள் வொர்க்‌ஷாப்புக்கு மேலே. கீழே எவனோ காரை உறுமவிட்ட புகையில் என் வெள்ளைப் படுக்கை விரிப்பு சாம்பல் நிறமாகிவிட்டது. அதைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினேன். அவள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். திட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இந்த சீட்டில் உட்கார முடியுமா என்று கேட்டாள். உட்கார்ந்தேன். கோபத்தில் இருந்தால் நான் பேசவும் மாட்டேன், அசையவும் மாட்டேன். எண்கள் அப்படியே நின்றன. திட்டப் போனவள் எடைக்கல்லாகத் திரும்பி வந்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து சமைத்தேன், துவைத்தேன், இஸ்திரி போட்டேன். ஒருவரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. உட்கார்ந்ததற்காக என்னைப் பாராட்டியவள் ஒடெட்டா ஒருத்திதான். அதுவும் எப்படி? "நீவெஸ், உன் உடம்பு ஒரு சொத்துடி" என்றாள். என் கணவர் டீனோ இதைக் கேட்டுவிட்டு, அந்தச் சொத்தைச் சேர்த்ததில் தன் சம்பளத்துக்கும் பங்கு உண்டு என்றார்.

ஒடெட்டா முதலில் ஒரு கார் தொழிற்சாலையில் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். மேலே தைத்தது போதும் என்று ஒரு நாள் காருக்கு அடியில் போனாள். இன்னும் வெளியே வரவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மத்தியானம் என் வீட்டில்தான் சாப்பாடு. உப்பு அதிகம் என்றால் அதிகம் என்று முகத்துக்கு நேரே சொல்வாள். எனக்கு ஏற்ற ஜோடி.

போன வசந்தத்தில் லியார்கோ தன் காரைக் கொண்டுவந்தார். டைல்ஸ் கம்பெனியில் சூளை பார்த்து ஓய்வுபெற்றவர். யாரும் சீந்தாத காலத்தில் வாங்கிய கருநீல இரண்டு சீட்டுக் கார். பெண்டாட்டி போன பிறகு அவருக்குப் பேச்சுத் துணையே அதுதான். ரவுண்டானா ஓரக்கல்லில் இடித்ததிலிருந்து, பிரேக் போட்டால் கார் ஒரு பக்கம் இழுத்தது. அவர் மகள் மிரெல்லா இனி இதை ஓட்டக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். பொலோனியாவில் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார். கடைசியில் அப்பாவும் மகளும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒடெட்டா கார் நன்றாக இருக்கிறது என்றால் வைத்துக்கொள்வது. இல்லையென்றால் அன்றைக்கே விற்றுவிடுவது. ஞாயிற்றுக்கிழமை செர்ரா மலைக்குப் பழைய கார்கள் எல்லாம் ஊர்வலமாகப் போகும். அதில் போகவேண்டும் என்று கிழவர் புதுத் தொப்பிகூட வாங்கிவிட்டார்.

லியார்கோவும் நானும் ஏறக்குறைய ஒரே எடை. அதனால் சீட்டில் நான். ஏறுவது சுலபம், இறங்கத்தான் ஆள் வேண்டும். அந்தக் காரின் சீட்டு கிட்டத்தட்ட தரையில் இருக்கிறது.

அதற்கு முன்பே ஒடெட்டா கையால் பார்க்க வேண்டியதைப் பார்த்திருந்தாள். லிப்டில் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டினாள். கம்பியால் நெம்பி மூட்டில் தளர்ச்சி உண்டா என்று பார்த்தாள். டார்ச் அடித்து ஷாக் அப்சார்பர்களைத் துணியால் துடைத்து முகர்ந்தாள். கீழே இறக்கி ஒவ்வொரு மூலையாக அழுத்திவிட்டாள். அழுத்தினால் ஒரு முறை எழும்பி அடங்கிவிட வேண்டும். பின்பக்கம் வலது மூலை மட்டும் கட்டில் மேல் குதிக்கிற பிள்ளை மாதிரி ஆடியது. அதைத் தவிர எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று முணுமுணுத்தாள். லியார்கோ தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிறகு எடைத்தட்டில் ஏற்றினாள். நான் மூச்சைக்கூட அளந்து விட்டேன். ஒடெட்டா திரையைப் பார்த்தாள். அணைத்துவிட்டுப் போட்டாள். காரை உருட்டி இறக்கி, மறுபடி ஏற்றினாள். முன் இடதும் பின் வலதும் சுமையை எல்லாம் தாங்கின. மற்ற இரண்டும் சும்மா ஒட்டிக்கொண்டு நின்றன. நாலு காலில் ஒன்று குட்டையான மேஜை மாதிரி.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குரல் இறங்கியிருந்தது. இடித்ததில் காரின் சட்டமே முறுக்கிக்கொண்டிருக்கும் போலிருக்கிறது, அப்படியானால் இதோடு மலை ஏறுவது ஆபத்து என்றாள். லியார்கோவின் கைகள் முதல் முறையாகச் சும்மா தொங்கின. பொலோனியாக்காரரைக் கூப்பிட மிரெல்லா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவள் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் புத்தியுள்ளவள் வாயை மூடிக்கொண்டிருப்பாள். எனக்கு அமைதி ஆகாது. ஏதாவது நல்லதாகச் சொல்லிப் பேச்சை மாற்றலாம் என்று நினைத்தேன். நல்லது என்றால் எனக்கு ஞாபகம் வருவது நான் செய்த வேலைதான்.

"தரையைப் பார்த்தீங்களா? உங்க ஒருத்தர் கண்ணுலயும் படல. நேத்து முழுக்க முட்டி போட்டுத் தேய்ச்சேன்."

ஒடெட்டா தரையைப் பார்த்தாள். பிறகு எடைத்தட்டுகளைப் பார்த்தாள். பிறகு என்னை.

"தட்டுக்கு அடியில இருந்த டைல்ஸ் எங்கடி?"

"அங்கேதான் இருக்கு. ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. எடுத்துக் கழுவிக் காய வெச்சேன். ஒண்ணுல நிறைய, ஒண்ணுல ஒண்ணுமே இல்ல, பார்க்கவே நல்லா இல்ல. எல்லாத்துக்கும் சமமாப் பங்கு போட்டு வெச்சிருக்கேன்."

நாலு பிள்ளைகளுக்குக் கட்லெட் பங்கு வைக்கிற புத்தி. வேறென்ன வரும்?

அந்த வொர்க்‌ஷாப் தரை கோணல். தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து மட்டம் பார்த்து, பள்ளமான இடத்தில் அதிகமும் மேடான இடத்தில் குறைவுமாக அவள் டைல்ஸ் அடுக்கியிருந்தாள். நாலு தட்டும் ஒரே உயரத்தில் நின்றது அதனால்தான். டைல்ஸ் செய்தே பிழைக்கிற இந்த ஊரில் யாருக்கும் அது புரிந்திருக்கும். டைல்ஸ் கம்பெனிக்காரனைக் கட்டிக்கொண்ட எனக்கு மட்டும் அது அழுக்காகத் தெரிந்தது.

ஒடெட்டா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மிரெல்லாவிடம் போனைக் கீழே வைக்கச் சொன்னாள். காரை இறக்கிவிட்டுத் தரையில் படுத்து, குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு டைலாக மாற்றினாள். மறுமுனையை லியார்கோ பிடித்துக்கொண்டார். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எதையும் தொடாதே என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி ஏற்றினார்கள். மறுபடி நான் சீட்டில். இந்த முறை ஜபமாலை இருந்தால் உருட்டியிருப்பேன், ஆனால் கை அசையும். எண்கள் நின்றன. முன்னே இடதும் வலதும், பின்னே இடதும் வலதும் கிட்டத்தட்ட சமம்.

"சட்டம் நேராத்தான் இருக்கு லியார்கோ. பின்னாடி வலது ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் கசிஞ்சு போச்சு. அதான் இழுக்குது. பிரிச்சு உள்ள இருக்கிற ரப்பர் சீலை மாத்தணும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள?"

"ஆகாது. இப்படியே போகவும் விடமாட்டேன்."

மிரெல்லா வந்து, அப்போ கார் நல்லா இருக்கா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றாள்.

"உங்க அப்பாவுக்கு முட்டி வலி இருக்குல்ல? அதுக்காக அவரை விப்பியா?"

"யாராவது விலை கேட்டா யோசிப்பேன்" என்றாள் மிரெல்லா. ஆனால் போனைக் கைப்பையில் போட்டுவிட்டாள்.

லியார்கோ அந்த ஞாயிறு மலைக்குப் போகவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்று போகிற கார்களுக்கெல்லாம் குறை சொன்னார். அடுத்த மாதம் சரிசெய்த காரில் மகளை உட்கார வைத்துக்கொண்டு செர்ராவுக்குப் போனார். அவள் வழியெல்லாம் மெதுவா மெதுவா என்று கத்தினாளாம். இறங்கும்போது அவள்தான் ஓட்டினாளாம்.

காரை எடைபோட்ட அன்று மத்தியானம் ஒடெட்டா என் வீட்டில் திஜெல்லே ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வைத்தாள், சாப்பிடவில்லை. கை சொன்னதை விட்டுவிட்டு எண் சொன்னதை நம்பினேனே, ஒரு மனுஷனோட காரை விக்க வெச்சிருப்பேனே என்றாள். தப்பு என்னுடையது என்றேன். அது தனக்குத் தெரியும், அதற்காகத் தன் தப்பு குறைந்துவிடாது என்றாள். பிறகு லம்ப்ரூஸ்கோ ஒயினை ஊற்றிக்கொண்டு, குழம்பில் உப்பு அதிகம் என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இப்போது எடைபோடும் முன் ஒவ்வொரு முறையும் மட்டம் பார்க்கிறாள். அதனால் நேரம் ஆகிறது. அவசரக்காரர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் பக்கம் வந்தால் ஒடெட்டாவைப் போய்ப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மார்க்கெட்டுக்கு ஓட்டுகிற காரையே கொண்டுபோங்கள். அவள் எழுந்துவந்து வரவேற்பாள் என்று எதிர்பார்க்காதீர்கள். வாசலில் நிறுத்தி, ஒரு மூலையை அழுத்திவிட்டுக் காத்திருங்கள். கார் ஒரு முறைக்கு மேல் ஆடினால் அவள் தானாகவே வெளியே வருவாள்.