கான்ட்ராக்டர் கடைச் சுவரில் என் சர்டிபிகேட்

போன வாரம் காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 'வேலையிலிருந்து சொந்தத் தொழிலுக்கு' என்று தலைப்பு. தன் உழைப்பால் உயர்ந்தவர் என்று மைக்கில் சொன்னபோது எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. சால்வை போர்த்தி, கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்றும் கொடுத்தார்கள். புதுச் சட்டத்தில் வார்னிஷ் வாடை. அதை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அந்த வாடை எனக்கு உத்திரமேரூர் வாடை. எழுபதுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் கடை இருந்தது. எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்கு அங்கேயே செம்புக் கம்பியால் காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றி, வெயிலில் காயவைப்பார்கள். டிப்ளமா முடித்து, சூப்பர்வைசர் பரீட்சையும் எழுதி, கவர்மெண்டு முத்திரை போட்ட சர்டிபிகேட்டோடு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். கான்ட்ராக்ட் லைசென்ஸ் வேண்டுமானால் அப்படியொரு சர்டிபிகேட் உள்ள ஆள் கடையில் இருந்தாக வேண்டும். கான்ட்ராக்டரோ அஞ்சாவதோடு நின்றவர். அவருக்குத் தேவை நானில்லை, என் காகிதம். இது எனக்கு விளங்க நாலு வருஷம் பிடித்தது. படித்தவன் அல்லவா.

முதல் நாளே அசலை வாங்கிச் சட்டம் போட்டு, பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில் மாட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் மூன்றுக்கும் சந்தனம், குங்குமம், கற்பூரம். நான் பூரித்துப்போய் நிற்பேன். என் அம்மாவைக்கூட ஒருநாள் கூட்டிவந்து காட்டினேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் புள்ளலூர் தேவராஜ். கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் முதல் படிப்பாளி. கான்ட்ராக்டரோடு சண்டை போட்டு வெளியேறி, ரைஸ்மில்லில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"அசல குட்த்துட்டியாபா? தப்பு பண்ணிட்ட. என்னுத கேட்டா தொலஞ்சி பூட்ச்சின்றாரு. ரெண்டு வர்சமா அதையே சொல்லிக்கினு கீறாரு."

நகல் வாங்கவும் கான்ட்ராக்டர் தொலைத்ததாக எழுதித் தர வேண்டுமாம். அதையும் அவர் தரவில்லையாம். வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு எனக்கே கடை போடும் ஆசை வந்தது. தாமலில் ஒரு மாவு மில் வேலை, எனக்கென்றே பேசி வைத்திருந்தார்கள். லைசென்சுக்கு மனுப் போட அசல் வேண்டும். கேட்டேன்.

"இன்னாபா அவசரம்? ஆடி போவட்டும்."

ஆடி போனது. தீபாவளியும் போனது. பொங்கல் கழித்துக் கேட்டபோது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சாமியோட சாமியா மாட்டிக்கீது. அத்த போயி கயட்ட சொல்றியே, நீயெல்லாம் இன்னா படிச்ச?"

அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. செத்தவரைத் திட்டக் கூடாதென்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போன நேரம், ஸ்டூல் மேல் ஏறிச் சட்டத்தைக் கழற்றினேன். பின்பக்க ஆணிகளை டெஸ்டரால் நெம்பி அட்டையை எடுத்தேன். என் சர்டிபிகேட்டுக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. தேவராஜ், புள்ளலூர். அதே முத்திரை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வெறும் சட்டத்தை அன்று சாயங்காலமே பார்த்துவிடுவார். லைசென்ஸ் ஆபீசில் ஆளைப் பிடித்து என் மனுவை நிறுத்திவிடுவார். எனக்கு லைசென்ஸ் வரும்வரை சுவரில் ஏதோ ஒன்று தொங்க வேண்டும். தேவராஜின் சர்டிபிகேட்டைக் கண்ணாடியை ஒட்டி வைத்து, ஆணி அடித்து, திரும்ப மாட்டினேன். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாத கான்ட்ராக்டர் அடுத்த வெள்ளிக்கிழமை அதற்குக் கற்பூரம் காட்டினார். பக்கத்தில் நானும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

லைசென்ஸ் வந்தது. விஷயம் தெரிந்து கான்ட்ராக்டர் தெருவில் நின்று கத்தினார். பிறகு வேறொரு டிப்ளமாக்காரனைப் பிடித்து, அதே சட்டத்தில் தேவராஜுடையதுக்கு முன்னால் அவனுடையதை வைத்துக்கொண்டார்.

என் கடைக்கு முதலில் வேலை கேட்டு வந்தவர் தேவராஜ்தான். 'பா' என்று கூப்பிட்டவர் 'சார்' என்றார். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். சர்டிபிகேட் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். அன்றைக்கே ஏன் எடுத்துவரவில்லை என்று கேட்பாரே என்ற பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு. அது கையில் இருந்தால் அந்த மனிதர் என்னிடம் ஏன் வேலை பார்க்கப் போகிறார்?

இன்று தேவராஜும் இல்லை, அந்தக் கடையும் இல்லை. எண்பதுகளின் கடைசியில், கான்ட்ராக்டர் போன பிறகு, மகன்கள் கட்டடத்தை இடித்தார்கள். ஒரு வேலைக்குப் போகிற வழியில் தேவராஜும் நானும் அதைப் பார்த்தோம். படங்களும் பலகைகளும் தெருவோரம் குவிந்து கிடந்தன.

"என்னுது இதுக்குள்ளாற எங்கனா கீதோ இன்னாவோ சார்," என்றார். "ஒரு எட்டு போயி பாத்துட்டு வரட்டா?"

நேரமாகிறது, வண்டியை எடுங்கள் என்றேன்.