செல்வி பிடித்திருந்த மூலை

கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் என் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தேன். "ஆளு வராங்களாம்மா?" என்று ஒருவர் கேட்டார். "வராங்க" என்றேன். அப்போதுதான் செல்வியின் மகள் அபி போன் செய்தாள். அம்மா காலையில் எழுந்திருக்கவில்லை, டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார் என்றாள். இறங்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். பாவம், அந்த மனிதர்மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

எட்டு மணி வண்டியில் வரும் உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். சிதம்பரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். எதிரிலுள்ள மருந்துக்கடையில் எனக்கு வேலை. இருவருக்கும் ஒரே வயது, ஏழு வருடமாக ஒரே இருக்கை. உங்களில் பாதிப் பேருக்கு அவள் ஊசி குத்தியிருப்பாள். ஆனால் ஒரு கோடுகூட நேராகப் போடத் தெரியாத அவள்தான் என் நான்கு படநோட்டுகளும் நிரம்பக் காரணம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன என் மகன் தடித்த வெள்ளைத் தாளில் ஒரு நோட்டு வாங்கி அனுப்பினான். பள்ளிக்கூடத்தில் நான் நன்றாக வரைவேன் என்று எப்போதோ பீற்றிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு நல்ல தாளில் எதை வரைவது? எட்டு மாதம் அதைப் பையிலேயே வைத்துச் சுமந்தேன். ஒருநாள் செல்வி அதைப் பிடுங்கி, முதல் பக்கத்தில் பேனாவால் "வெங்காயம், மிளகாய்த்தூள், அபிக்கு ரிப்பன்" என்று எழுதிவிட்டாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை, வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அவளே வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மொதப் பக்கம்தான் கெட்டுப்போச்சே. இனிமே இன்னாடி பயம்? வரை" என்றாள்.

வரைய உட்கார்ந்தால் எனக்குக் கோபுரம்தான் தோன்றும். தினம் சிதம்பரம் போய் வருகிறவளுக்கு வேறென்ன தோன்றும்? வரைவேன், அழிப்பேன், தாளைத் தேய்த்து ஓட்டை போடுவேன். எதிர் இருக்கையில் மீன்கூடையை அணைத்துக்கொண்டு தூங்கிய அம்மாவைச் செல்வி கண்ணால் காட்டி, "கோபுரம் எங்கயும் போவாது. இந்தம்மா அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவாங்க" என்றாள். அவசர அவசரமாக வரைந்தேன். கூடை மட்டும் நன்றாக வந்தது.

அதற்கும் பிறகு ஒருமுறை, ஒன்றுமே தோன்றவில்லை என்று புலம்பினேன். என் முழங்கையை இழுத்து வைத்து, இடது ஆள்காட்டி விரலால் தடவினாள். "நரம்ப கண்ணால தேடுனா கெடைக்காதுடி. தொட்டுப் பாக்கணும். உனக்கு தெனம் கைல படறத வரையேன்" என்றாள். அன்று மத்தியானம் அவள் வேலை செய்யும் கூடத்துக்கே போய் உட்கார்ந்தேன். ரத்தம் கொடுத்தவர்கள் பஞ்சை அழுத்தியபடி வரிசையாக இருந்தார்கள். எல்லோரும் கையை மடக்குவது ஒரே மாதிரி. முகம்தான் ஒவ்வொன்றும் வேறு. இரண்டாவது நோட்டு முழுக்க அவர்கள்தான்.

"என்னை ஒரு தபா வரையேன்டி" என்று ஒரேயொரு நாள் கேட்டாள். அவளை ஒழுங்காக வரைய வேண்டும், கை இன்னும் பழகட்டும் என்று சொன்னேன். "ரொம்ப ஜாஸ்திதான் பிகு பண்ணிக்கிற" என்று சிரித்துவிட்டு டிக்கெட் எடுக்கத் திரும்பிக்கொண்டாள். முதல் நோட்டில் செய்த அதே தப்பை அவள் விஷயத்திலும் செய்கிறேன் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் அபி என்னிடம் வந்தாள். "அத்த, நீங்க அம்மாவ வரைஞ்சது எதுனா இருக்கா? போட்டோல எல்லாம் அவுங்க வெறைச்சிக்கிட்டு நிக்கிறாங்க." பார்க்கிறேன் என்றேன். வேறென்ன சொல்ல? வீட்டுக்கு வந்து நான்கு நோட்டையும் புரட்டினேன். கண்டக்டர் இருக்கிறார், பூக்காரி இருக்கிறாள், சிப்காட்டில் இறங்கும் யூனிபார்ம் ஆட்கள் இருக்கிறார்கள். பக்கத்திலேயே இருந்தவள் ஒரு பக்கத்திலும் இல்லை. அழுதேன்.

பிறகுதான் கவனித்தேன். பஸ்ஸில் வரைந்த பக்கங்களில் எல்லாம் வலது கீழ்மூலை வெறுமையாக இருந்தது. கோடுகள் அங்கே வந்து நின்றுவிடுகின்றன. ஜன்னல் காற்றில் தாள் அடிக்காமல் அந்த மூலையை அவள் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு பக்கத்தில், ஏதோ ஞாபகத்தில், அந்த விரலையும் வரைந்துவிட்டிருக்கிறேன். ஒட்ட வெட்டிய நகம், கொஞ்சம் தட்டையான நுனி.

அந்தத் தாளை வெட்டி எடுத்துப்போய் அபியிடம் கொடுத்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "நரம்பு தேடற வெரலு" என்று சொல்லித் தன் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

இப்போது என் பக்கத்து இருக்கையில் தினம் ஒருவர் உட்காருகிறார். யாரானாலும், அவர் இறங்குவதற்குள் வரைந்துவிடுகிறேன். செல்வியிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பவை அந்த வெறும் மூலைகள். நான்கு நோட்டில் நான் நிரப்பாமல் விட்ட இடம் அவ்வளவுதான். அதை நிரப்பப்போவதில்லை.