கழுவக்கூடாத வளையங்கள்

கொடைக்கானலில் கடல் மீன் வளர்த்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வருடத்தில் பாதி நாள் மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்து துணிகளை நனைத்துவிட்டுப் போகும் வீட்டில், மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்குள் உப்புத் தண்ணீரைச் சூடாக்கி, சுழலவிட்டு, வடிகட்டி, இரண்டு கோமாளி மீன்களை உயிரோடு வைத்திருக்கப் பார்த்தேன். மனைவிக்காக. அதுவும் முழு உண்மையில்லை. அவள் போய்விடக் கூடாது என்பதற்காக; ஆகவே எனக்காக.

அவள் தூத்துக்குடிக்காரி. நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியின் விடுதிக்கு வார்டனாக வந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டாள். இருபது வருடம் அவளை ஒன்றும் செய்யாத குளிர் மூன்று வருடங்களுக்கு முன்பு நெஞ்சுக்குள் இறங்கியது. காலையில் எழுந்ததும் சுவரில் சாய்ந்து, தோள் ஏறி இறங்க, மூச்சை இழுத்து இழுத்து வாங்குவாள். கீழே போய்விடுவது நல்லது என்றார் டாக்டர். அவள் தம்பி தன் வீட்டு மாடி அறையை ஒழித்து வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை கூப்பிட்டான். எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது. அது சாக்கு. இந்த மலையை விட்டு இறங்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

"கடலுக்குத்தான ஏங்குற? கடல நான் மேல கொண்டாரேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியபின் சொன்னாள்: "சரிங்க. ரெண்டு மீனு இந்தக் குளிர்ல மூச்சு விட்டுச்சுன்னா நானும் விட்டுப் பாக்கேன். அதுக போச்சுன்னா நானும் போறேன். என்ன?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

திண்டுக்கல்லில் மீன் கடை வைத்திருக்கும் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொடைக்கானல்லயா? சார், சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. மீன நீங்க வளக்கப் போறதில்ல, ஃபில்டர்தான் வளக்கும். நீங்க ஃபில்டர வளங்க."

தொட்டிக்கு அடியில் இன்னொரு சின்னத் தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் முதலில் வெள்ளைப் பஞ்சில் விழும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு அங்கே நிற்கும். அடுத்து ஸ்கிம்மர் என்றொரு குழாய். காற்றைப் பொடிப்பொடிக் குமிழிகளாக ஊதி, தண்ணீரில் கரைந்த கசடை நுரையாக்கி மேலே ஒரு குடுவையில் ஒதுக்கும். கடைசியில் ஒரு கூடை நிறைய செராமிக் வளையங்கள், சுண்டுவிரல் நுனி அளவு, சும்மா கிடந்தன.

"இது என்ன செய்யும் பாய்?"

"அதுலதான் சார் குடித்தனமே. கண்ணுக்குத் தெரியாத சனம். மீன் விடுற விஷத்தத் தின்னே பொழைக்கும். வந்து குடியேற ஒன்றர மாசம் ஆகும். அதுவரைக்கும் மீன் கெடையாது. இந்த வளையத்த மட்டும் எப்பவும் கழுவிறாதீங்க."

"மீனே இல்லாம எதத் திங்கும்?"

"தெனம் ஒரு சிட்டிக தீனி போடுங்க. அழுகட்டும். அதத் தின்னுட்டுக் கெடக்கும். அப்புறம் ஒண்ணு, உங்க ஊர்ல காத்து மெலிசு. தண்ணிக்குள்ளயும் கொறச்சலாத்தான் எறங்கும். மேல் தண்ணி ஆடிக்கிட்டே இருக்கணும்."

ஒன்றரை மாதம் வெறும் தண்ணீருக்குச் சோறு போட்டேன். பிறகு மீன்கள் வந்தன. உப்பை அளக்க மானி இருந்தது. அவள் அதை நம்பவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்து, "இன்னும் ஒரு கை போடுங்க" என்பாள். மானியும் அதையே சொல்லும். ஸ்கிம்மர் குடுவையில் டிகாஷன் நிறத்தில் சேரும் கசடைப் பார்த்து, "அல அடிச்சாக் கரையில நுர ஒதுங்கும்லா, அதேதான். இதப் போய் மெஷினுன்னு வாங்கிட்டு வந்திருக்கீங்களே" என்று கேலி செய்தாள். அந்த வருடம் அவள் மூச்சிரைப்பு குறைந்துவிட்டது என்று நம்பினேன். குறையவில்லை. பம்ப் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

டிசம்பரில் அவள் தன் அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனாள். எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் கேரல் பாட வருகிறவர்களோடு பங்குச் சாமியாரும் வீடு மந்திரிக்க வருவார். அதற்கு முன் ஒவ்வொரு வீடும் தலைகீழாகக் கழுவப்படும். தெருவே பிளீச்சிங் பவுடர் மணக்கும். எப்போதும் அவள் செய்யும் சோலி. நான் செய்து வைத்தால் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது.

படிக்கட்டைக் கழுவினேன். மாதா சுரூபங்களைத் துடைத்தேன். பிறகு தொட்டிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தேன். வளையங்கள் பழுப்பேறி, வழவழவென்று, பார்க்கவே கூசியது. பாய் சொன்னது மறக்கவில்லை. ஆனால் நான் மிஷன் விடுதியில் வளர்ந்தவன், சனிக்கிழமைதோறும் வரிசையில் நின்று நகம் காட்டிய கை இது. அழுக்கைக் கண்டால் அது என்னைக் கேட்காது. ஒவ்வொரு வளையமாக எடுத்து, கெய்சர் வெந்நீரில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, அலசி, வெயிலில் பரப்பினேன். அடிமணலையும் விடவில்லை. மாலைக்குள் எல்லாம் பல் மாதிரி வெளுத்திருந்தன; மறுபடி கூடையில் அடுக்கினேன்.

சாமியார் தொட்டியின் மேலும் தீர்த்தம் தெளித்தார். "கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க சார்" என்றார். பாட வந்த பெண்களில் ஒருத்தி, "எங்க வீட்டுக் குடிதண்ணியே இப்படி இல்ல ஃபாதர்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

கழுவிய மூன்றாம் நாள் காலை தண்ணீர் பால் கலந்ததுபோல் இருந்தது. மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் அடிக்கும் அந்த வேகத்தை வேறொரு உடம்பில் நான் பார்த்திருக்கிறேன்.

பாய்க்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "அழுக்கயா கழுவுனீங்க? ஊரையே கழுவி விட்டுட்டீங்களே சார்" என்றார். "பாதித் தண்ணிய வெரசா மாத்துங்க. என் தொட்டியில கெடக்கிற பழைய ஸ்பாஞ்ச் ஒண்ண ஈரத்தோட பஸ்ல குடுத்து விடுறேன். அதுல சனம் இருக்கு. மத்தியானத்துக்குள்ள போட்டுட்டா ஒருவேள பொழைக்கும்."

தண்ணீரை மாற்றிவிட்டு, பஸ் ஏறி வரும் வழியில் பெருமாள்மலை நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். விடுமுறைக் கூட்டம். கார்கள் வளைவுக்கு வளைவு ஒட்டிக்கொண்டு நின்றன. பதினோரு மணிக்கு வர வேண்டிய பஸ் நாலரைக்கு வந்தது. வாய் கட்டியிருந்த பையைக் கண்டக்டர் இரண்டு விரலால் நீட்டினார். "என்ன சார் இது, செத்த எலியா? வத்தலகுண்டுலயே ஒருத்தர் எறங்கி வேற பஸ்ல போயிட்டாருங்க."

பையைப் பிரித்தேன். அழுகிய முட்டை நாற்றம். "நாத்தம் அடிச்சாத் தண்ணிக்குள்ள போட்றாதீங்க சார், அது மூச்சு முட்டிச் செத்துருச்சுன்னு அர்த்தம்" என்று பாய் முன்பே சொல்லியிருந்தார். கடை ஓரத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்தபோது ஒரு மீன் பக்கவாட்டில் கிடந்தது. மற்றது அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. விடிந்தபோது அதுவும் சுற்றவில்லை.

மனைவி மதியம் வந்தாள். பெட்டியை வைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"கழுவுனீங்களா?"

"ம்."

விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். "உப்பு சரியாத்தான் இருக்கு" என்றாள். திட்டியிருக்கலாம். பழைய பேச்சை நினைவுபடுத்தியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் பம்ப்பை நிறுத்தியிருந்தேன். அறை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. மூன்று வருடமாகக் கேட்டிருக்க வேண்டிய சத்தம்.

பொங்கல் முடிந்ததும் அவள் தம்பி கார் கொண்டுவந்தான். "போறேன்னு இல்லங்க, அங்க இருக்கேன்" என்றாள். "டேங்க்க யாருக்காச்சும் குடுத்துருங்க."

கொடுக்கவில்லை. புதுத் தண்ணீர் ஊற்றி, உப்புக் கரைத்து, அதே வளையங்களை அடுக்கிப் பம்ப்பைப் போட்டேன். தினம் காலையில் ஒரு சிட்டிகை. ஒன்றரை மாதம் கழித்துப் பாய் கூப்பிட்டார்.

"சார், சனம் வந்திருக்குமே. மீன் தரவா?"

"வேணாம் பாய்."

"அப்ப எதுக்கு ஓட்டுறீங்க?"

"ஓடட்டும் பாய்" என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.

அவள் ஃபோனில் இப்போது நீளமாகப் பேசுகிறாள். எதிர்வீட்டுச் சண்டை, மீன் விலை, தம்பி மகளின் பரீட்சை, எல்லாம் ஒரே மூச்சில், நடுவில் ஓரிடத்திலும் நிற்காமல்.  நேற்றுத் திடீரென்று நிறுத்தினாள்.

"அங்க என்னங்க சத்தம்?"

"பம்ப்பு."

"மீனுதான் இல்லையே."

"இல்ல."

 "குளிருதா அங்க?" என்று கேட்டாள். குளிருது என்றேன்.

இன்று காலையும் ஒரு சிட்டிகை தீனி போட்டேன். இரண்டு சுற்றுச் சுற்றி, வழிந்து, பஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது.