இடப்பக்கம் இழுத்த ரம்பம்

மரம் பாதி அறுபட்டு நின்றது. ரம்பம் அதன் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. சிவனாண்டி இரண்டையும் பார்த்தபடி வெளியே நின்றார். முன்னால் போகவும் வழியில்லை, விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை.

பசுமலையில் சூரியபிரகாஷ் என்கிற பையனின் வீட்டுப் பின்புறம் அது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன். சமையலறை ஓட்டுக்கு மேலே சாய்ந்துகிடந்த கிழட்டு வாகையை வெட்டிக் கொடுக்கச் சொல்லியிருந்தான். ஆடிக் காற்று வேறு. எதிர்ப்பக்கம் வெறும் இடத்தில் மரத்தைப் படுக்க வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார் சிவனாண்டி. அறுப்பு நேராகப் போயிருந்தால் படுத்திருக்கும். ரம்பம் இடப்பக்கமாக வளைந்து, சமையலறைப் பக்கத்தை மட்டும் ஆழமாகத் தின்றுவிட்டது. இன்னும் நாலு விரல் போனால் மரம் முறுக்கிக்கொண்டு ஓட்டின் மேலேயே உட்காரும்.

ஆப்பு அடித்து ரம்பத்தை வெளியே எடுத்தார். வீட்டில் இருந்தவர்களை முன்வாசலுக்குப் போகச் சொன்னார். வாகையில் கட்டிப் பக்கத்து வேம்பைச் சுற்றிக் கொண்டுவந்த கயிற்றின் முனையைப் பிடித்திருந்த முத்துத்தாய், புருஷனின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள்.

"எந்தம்பியக் கூப்பிடவா?"

"கயித்த இறுக்கிக் கட்டு. காத்துக்கு ஆடாம இருக்கட்டும். இந்தா வாரேன்."

சிவனாண்டி லேசுப்பட்ட ஆளில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். கீழக்குயில்குடியில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற அரிவாளோடு தொழிலைத் தொடங்கி, யார் தயவும் இல்லாமல், அந்தச் சுற்றுவட்டாரத்தில் முதல் ஆளாக மெஷின் ரம்பம் வாங்கியவர். கிணற்று மேட்டில் நிற்கிற மரம், கரண்டு கம்பிக்கு நடுவில் நிற்கிற மரம், கோயில் சுவரை நெருக்குகிற மரம் என்று மற்றவர்கள் கும்பிடு போட்டு விலகியதையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்தவர். இம்புட்டுக்கும் காரணம் கூர்தான் என்பார். மெஷினைக் கம்பெனிக்காரன் செய்தான், கூரை நான் செய்தேன் என்று டீக்கடை தோறும் சொல்லியிருக்கிறார். உருட்டு அரத்தைக் கையில் எடுத்தால் அவர் கையே மெஷின் என்று ஊரும் சொன்னது.

ஊர் சொல்லாத ஒன்று உண்டு. ரம்பச் செயினில் ஒரு பல் இடப்பக்கம் பார்க்கும், அடுத்தது வலப்பக்கம் பார்க்கும். அன்றைக்கெல்லாம் பிளேடை இடுக்கியில் மாட்டிவிட்டு, இந்தப் பக்கம் சிவனாண்டியும் அந்தப் பக்கம் முத்துத்தாயின் தம்பி சோலையும் எதிரெதிராக உட்கார்ந்து அரம் போடுவார்கள். சோலை இடக்கைக்காரர். இடப்பற்கள் சிவனாண்டிக்கு, வலப்பற்கள் சோலைக்கு. ரம்பம் நூல் பிடித்ததுபோலப் போகும். பிறகு ஒரு காதுகுத்து விருந்தில் யாரோ சோலையைப் பற்றிக் கேட்க, கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும்ல என்று சிவனாண்டி சொல்லிச் சிரித்தார். சோலை பாதி இலையில் கையை உதறிவிட்டுப் போனவர்தான். தனி ரம்பம் வாங்கித் தனியாகத் தொழில் பார்க்கிறார்.

அதற்குப் பிறகு வலப்பற்களையும் சிவனாண்டியே தீட்டினார். கை திரும்பவில்லை. அரம் கடிக்காமல் தடவிக்கொண்டு போனது. ரம்பம் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. மரத்தைக் குறை சொன்னார், ஆயிலைக் குறை சொன்னார், விளம்பரத் தட்டி மாட்டுகிறவர்கள் மரத்தில் அடித்துவைத்த ஆணியைக் குறை சொன்னார்.

இப்போது செயினைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பழங்காநத்தத்தில் நாகூர் கனியின் டூல்ஸ் கடை பக்கம்தான். வழியெல்லாம் காற்று முதுகில் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்த வாகை மனசுக்குள் ஒருமுறை அசைந்தது.

கனி பாயிடம், தெரிந்த ஆள் ஒருவருக்கு செயின் தீட்ட என்னமாவது வேண்டும், விலை கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்றார். பாய் செயினை வாங்கி, விரலால் தடவிப் பார்த்தார்.

"அந்தத் தெரிஞ்ச ஆளுக்கு வலது கைப் பழக்கமாண்ணே?"

சிவனாண்டி கடையின் கூரையில் தொங்கிய மண்வெட்டிகளைப் பார்த்தார்.

பாய் மேற்கொண்டு துருவவில்லை. மேசைமேல் முடுக்கி வைக்கிற கரண்டு சாணைக்கல்லைக் காட்டினார். சுத்தமாகத் தீட்டும், ஆனால் அதன் விலைக்குப் பழைய ரம்பம் ஒன்றே வாங்கிவிடலாம். பழக்கமில்லாதவன் அழுத்திவிட்டால் பல் கருகிப்போகும். கைக்குள் அடங்குகிற பேட்டரிக் கல் ஒன்று இருந்தது. விலை குறைவுதான். ஆனால் அதைப் பிடிப்பதும் அதே கைதான், கோணுகிற கை கல்லைப் பிடித்தாலும் கோணும் என்றார் பாய். அப்படியானால் புதுச் செயினே கொடுங்கள் என்றார் சிவனாண்டி. பாய் தலையை ஆட்டினார். புதுச் செயின் இன்றைக்கு நேராகப் போகும். அந்தத் தெரிஞ்ச ஆள் நாலு தடவை அரம் போட்டதும் அதுவும் இடப்பக்கம் இழுக்கும்.

கடைசியாக ஒரு சின்ன இரும்புச் சட்டத்தை எடுத்து வைத்தார். கைடு என்று பெயர். பிளேடின் மேலேயே திருகி மாட்டிவிட்டால் அரம் எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்தில் போக வேண்டுமோ அப்படி மட்டும்தான் போகும். இழுப்பது மட்டும் கையின் வேலை. இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே. இருப்பதிலேயே மலிவும் அதுதான்.

சிவனாண்டி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நடை பழகுகிற பிள்ளைக்குக் கொடுக்கிற வண்டிபோல இருந்தது.

"யாரும் கேட்டா நான் வாங்கலன்னு சொல்லிருங்க பாய். முக்கியமா சோலைகிட்ட."

"சோலையண்ணனும் போன மாசம் இதையேதான் வாங்கிட்டுப் போனாரு. அவருக்கும் யாரோ தெரிஞ்ச ஆளுக்குத்தான். அந்தச் செயின் வலப்பக்கமா இழுத்துச்சு."

பாய் சிரிக்கவில்லை. பில்லும் போடவில்லை. பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

திரும்பியபோது வாகை நின்றிருந்தது. அறுப்புவாய் மட்டும் காற்றுக்குத் திறந்து திறந்து மூடியது. பையன் முன்வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன பிரச்சினை என்று கேட்டான். பிரச்சினை ஒன்றுமில்லை, வாகைக்கு என்று தனிக் கூர் வைக்க வேண்டும், அதெல்லாம் கை வேலை என்றார் சிவனாண்டி. சொன்ன பிறகுதான், அந்தச் சொல்லே கதவைச் சாத்திவிட்டது என்று உறைத்தது. இனி அந்தச் சட்டத்தைப் பையன் கண்ணெதிரே எடுக்க முடியாது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே முழங்காலை நீட்ட இடமில்லை. முத்துத்தாய் இந்தப் பக்கம் முந்தானையை விரித்து வியர்வை துடைக்கிற மாதிரி மறைத்து நின்றாள். செயினைப் பிளேடில் பூட்டி, மேலே கைடை மாட்டி, வலப்பற்களை ஒவ்வொன்றாக இடப்பற்களின் நீளத்துக்கு இறக்கினார். எந்தப் பல்லில் எவ்வளவு என்று அந்தச் சட்டம் சொன்னது, அவர் கேட்டார். வாழ்நாளில் யார் சொல்லையும் அவர் அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

கைடைக் கழற்றிச் சாமான் சாக்குக்குள் போட்டுவிட்டு மெஷினை இழுத்தார். ரம்பம் வலப்பக்கம் விட்டுவைத்த மிச்சத்துக்குள் நேராக இறங்கியது. முத்துத்தாய் கயிற்றோடு பின்னால் சாய்ந்தாள். வாகை முனகிவிட்டு, கொடுத்த வாக்கின்படி வெறும் இடத்தில் படுத்தது. ஒரு ஓடுகூட உடையவில்லை. சிவனாண்டி செய்தால் அப்படித்தான்.

சூரியபிரகாஷ் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஐயா, அந்தக் கை வேலையக் கொஞ்சம் செஞ்சு காட்டுங்க. வீடியோ எடுத்துக்கிறேன்."

சிவனாண்டி சட்டைக் கையை ஏற்றினார், மெதுவாக. கைடு சாக்கின் அடியில் கிடந்தது. எடுத்தால் இத்தனை காலத்துப் பேச்சும் போயிற்று. வெறும் கையால் தீட்டினால், இப்போதுதான் சமமான பற்கள் மறுபடி கோணிப்போகும். போனின் கண் அவர் விரலுக்கு நேராக நின்றது.

அரத்தை எடுத்தார். பல்லின் மேல் படாமல், மயிரிழை தூக்கிப் பிடித்து, காற்றில் இழுத்தார். முகத்தில் அத்தனை கவனம். பையன் கிட்டே வந்து, அந்தப் பக்கத்தையும் காட்டச் சொன்னான். அந்தப் பக்கமும் காற்றைத் தீட்டினார். சத்தமே வரவில்லை. உண்மையான கை வேலையில் சத்தம் கேட்காது என்றார்.

கிளைகளைக் கழித்துக் குவித்து முடிப்பதற்குள், பையன் அனுப்பிய அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கோச்சடையிலிருந்து யாரோ போனில் கூப்பிட்டார். மரம் அறுக்கவில்லை, அவரிடம் இருக்கிற ரம்பங்களுக்கெல்லாம் கையாலேயே கூர் வைக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். காலையில் வாரேன் என்று சிவனாண்டியின் வாய் சொல்லிவிட்டது.

முத்துத்தாய் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"வலப்பக்கத்துக்கு யாரு கையக் கொண்டு போறீக?"

சிவனாண்டி சாக்கின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார்.