கிள்ளானுக்குப் போன கெட்டிமேளம்

போனில் கத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பெட்டிக்கே கேட்கும்படி பேசுகிறவர்களிடம், "மெதுவா பேசுங்க, அவங்களுக்கு நல்லாவே கேக்கும்" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது, தொழில் புத்தி. கல்யாணத்துக்கு முன்னால் கோலாலம்பூரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் ஹெட்போன். யார் வாயை எங்கே வைத்துப் பேசுகிறார்கள், யார் தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது, யார் தின்றுகொண்டே பேசுகிறார்கள், எல்லாம் தெரிந்துவிடும். கத்தினால் சத்தம்தான் போகும், பேச்சு போகாது. இதை நான் சொல்லாத ஆள் இல்லை. கேட்ட ஆளும் இல்லை.

கேட்காதவர்களில் முதல் ஆள் என் தாய்மாமா. பூச்சோங்கில் இரண்டு லோரி வைத்து மண் ஏற்றி இறக்கும் காண்ட்ராக்டர். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சொந்தத்தில் ஹேண்ட்போன் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அரைக் கிலோ பருப்புப் பொட்டலத்தின் கனம் இருக்கும், உச்சியில் ஏரியல் வேறு. லோரி எஞ்சின் பக்கத்தில் நின்றே பேசிப் பழகியவர், எஞ்சின் இல்லாத இடத்திலும் அதே குரலில்தான் பேசுவார். "மாமா, அது போன், மைக் இல்ல" என்பேன். "தூரமா இருக்காங்கல்ல, கத்துனாத்தானே போகும்" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த மாமாவின் ஹேண்ட்போனை நம்பித்தான் என் கல்யாணத்தில் ஒரு பெரிய காரியம் நின்றது.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அப்பா கிள்ளான் பக்கத்துக் காப்பாரில் கார்டு கொடுக்கப் போனார். வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கு வீடு நேரில் போய் அழைக்க வேண்டும் அவருக்கு. தபாலில் கார்டு அனுப்புகிறவனெல்லாம் மனுஷனா என்று கேட்பார். செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, தொடை எலும்பு முறிந்தது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டி, கயிற்றின் நுனியில் எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னும் பல வாரம் கட்டிலை விட்டு அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தேதியை மாத்திடலாம்பா" என்றேன்.

"மாத்தினா நான் காலு சரியானாலும் இங்கேயே படுத்துக்கிடப்பேன்" என்றார் அப்பா. "மண்டபம் பேசியாச்சு, ஊரையெல்லாம் கூப்பிட்டாச்சு. எனக்கு ஒண்ணு மட்டும் செஞ்சு குடுங்க. தாலி கட்டுற நேரம் என் காதுல விழணும். அந்த நேரம் இதுதான்னு எனக்குத் தெரியணும். அது போதும்."

கேட்டது அவ்வளவுதான். ஆனால் அப்பா வாய் திறந்து எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஒற்றைப் பிள்ளை நான். அதனால் அது எனக்குத் தாலியை விடப் பெரிய விஷயமாகிவிட்டது. தாலி எப்படியும் ஏறிவிடும். அப்பா காதில் விழுமா என்பதுதான் கேள்வி.

வார்டின் கவுண்டரில் ஒரு டெலிபோன் இருந்தது. வார்டு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு மலாய்க்காரப் பெண்மணி, கண்டிப்பானவள். அம்மா தன் மலாயில் கெஞ்சி விஷயத்தைச் சொன்னதும், "போலே லா" என்று சம்மதித்துவிட்டாள். முகூர்த்த நேரத்தில் அப்பாவைக் கட்டிலோடு, கல்லோடு, கயிறோடு கவுண்டர் வரைக்கும் தள்ளிக்கொண்டு வருகிறேன் என்றாள். மண்டபத்திலிருந்து மாமா ஹேண்ட்போனில் கூப்பிடுவது என்று ஏற்பாடு.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சோதித்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நலுங்கு வச்ச பொண்ணு வாசப்படி தாண்டக்கூடாது" என்று அம்மா குறுக்கே நின்றாள். அதைக் கேட்காமல் மஞ்சள் முகத்தோடேயே மாமா காரில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்விட்டேன். கோயிலை ஒட்டிய மண்டபம். வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி சோதனைக்காக அப்பாவைக் கவுண்டருக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். மணமேடையிலிருந்து கூப்பிட்டோம். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கட்டாகிவிட்டது. தூணுக்குப் பின்னால் நின்றோம், அங்கேயும் கட். செருப்பு விடும் பக்கவாசலுக்கு வந்தபோதுதான் லைன் கட்டாகாமல் இருந்தது. போனை நான் வாங்கி, "கேக்குதாப்பா?" என்றேன்.

"கேக்குது. அங்க என்ன, மழையா?" என்றார் அப்பா.

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று நேரே போனில் அடித்து, அப்பாவுக்கு மழையாகப் போயிருக்கிறது. ஃபேனை நிறுத்தச் சொன்னேன்.

"நாளைக்கு இத நிறுத்தினா ஐயரு ஓமகுண்டத்துலேயே மயங்கி விழுவாரு லா" என்றார் மாமா.

ஆபீஸில் எங்கள் ஹெட்போன் மைக்கில் ஒரு சின்னப் பஞ்சு உருண்டை இருக்கும். மூச்சுக்காற்று படாமல் இருப்பதற்கு. அது ஞாபகம் வந்தது. மணப்பெண் அறையில் என் அலங்காரப் பெட்டி வந்து இறங்கியிருந்தது. பவுடர் போடும் ஸ்பாஞ்சை எடுத்துத் தட்டி, ஹேண்ட்போனின் வாய்ப்பக்கம் வைத்து, ரப்பர் பேண்டு போட்டேன். புது ஸ்பாஞ்சு, எனக்கென்று வாங்கியது.

"மழை நின்னுருச்சு" என்றார் அப்பா.

அடுத்த தொல்லை மேளம். பக்கவாசலை ஒட்டித்தான் மேளக்காரர்கள் உட்காரும் மேடை. அங்கே தவில் அடித்தால் அப்பாவுக்கு ஐயர் குரலும் கேட்காது, ஒரு மண்ணும் கேட்காது. சாயரட்சை பூசைக்குக் கோயிலுக்கு வந்திருந்த நாதஸ்வரக்காரரைப் போய்ப் பிடித்தேன். எதிர்ப்பக்கம் உட்கார முடியுமா என்று கேட்டேன்.

அவர் என் மஞ்சள் முகத்தை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணப் பொண்ணே வந்து மேளக்காரங்களுக்கு இடம் காட்டுறத இப்பதாம்மா பாக்குறேன்" என்றார். விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. "அப்பாவுக்கா? எங்க வேணும்னாலும் உக்காருறோம். ஐயரு கை மட்டும் எங்க கண்ணுக்குத் தெரியணும். அவரு விரலை ஆட்டுனாத்தான் நாங்க கெட்டிமேளம் அடிக்க முடியும்."

எதிர்ப்பக்கத்திலிருந்து ஐயர் இடம் நன்றாகவே தெரிந்தது. தவில்காரர் உட்கார்ந்து கொஞ்சம் வாசித்துக் காட்டினார். நான் பக்கவாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தவிலு தவிலாவே கேக்குது" என்றார் அப்பா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சூட்டோடு, "அண்ணே, கெட்டிமேளத்தையும் ஒரு தடவை அடிச்சுக் காட்டிடுங்க" என்றேன். தவில்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "அது தாலி இல்லாம சும்மா அடிக்கிற மேளம் இல்லம்மா. அடிக்கமாட்டோம்."

ஆக, அப்பாவுக்குக் கேட்க வேண்டிய அந்த ஒரு சத்தத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சோதித்தாகிவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் மாமாவுக்குப் பாடம் எடுத்தேன். போனை நெஞ்சுக்கு நேரே பிடிக்கணும். ஐயர் பக்கம் திருப்பணும். வாய்கிட்ட கொண்டு போகவே கூடாது. கத்தக் கூடாது. "சரி லா, சரி லா" என்று தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார்.

மறுநாள் காலை, அப்பா இடத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கிள்ளானில் பள்ளிக்கூட வாத்தியார். அதுவரைக்கும் நானும் அவரும் பேசியதைச் சேர்த்து வைத்தாலும் ஒரு பக்கம் தேறாது. என் கண்ணெல்லாம் பக்கவாசலில்தான். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாமா நின்றுகொண்டிருந்தார். நெஞ்சுக்கு நேரே போன், அதன் வாயில் என் பவுடர் ஸ்பாஞ்சு. சாமி சிலையைத் தூக்கி வைத்திருக்கிறவரைப் போல அசையாமல் நின்றார். அவரைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அப்போது பக்கத்திலிருந்து மாப்பிள்ளை தலையைத் திருப்பாமல் கேட்டார். "லைன் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"மந்திரத்தை இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லச் சொல்லவா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. அதற்கு முன்னால் பிடிக்காது என்றில்லை. ஆனால் பிடித்தது அப்போதுதான்.

ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சபையைச் சுற்றி அனுப்பினார். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். தட்டு திரும்பி வந்தது. ஐயர் விரலை ஆட்டினார். கெட்டிமேளம் எழும்பியது. மண்டபமே அதிர்ந்தது. நான் குனிந்த தலையைச் சாய்த்து மாமாவைப் பார்த்தேன். பாவி மனுஷன், போனை வாய்க்குக் கொண்டு போயிருந்தார். ஸ்பாஞ்சைப் பிய்த்து எறிந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைக்க, "கட்டியாச்சு மச்சான்! கட்டியாச்சு!" என்று கத்திக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அப்புறம் போனைக் காதில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். குலுக்கினார். திரும்பவும் காதில் வைத்தார். அவர் முகம் விழுந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, லைன் போய்விட்டது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தாலி ஏறும்போது பெண் அழுவது நல்ல சகுனம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்களையும் ஒரு பிடி பிடித்திருப்பேன். மாலை கனத்தது, சும்மா இருந்துவிட்டேன்.

பந்தி முடிந்ததும், "முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் நம்ம வீடு" என்றார் மாப்பிள்ளை. மாமா வரவில்லை. என் முகத்தைப் பார்க்கப் பயந்து பாத்திரம் ஏற்றுகிறேன் என்று மண்டபத்திலேயே நின்றுகொண்டார். கழுத்தில் மாலையோடு நாங்கள் வார்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் கிடந்தவர்களெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அப்பாவின் கட்டில் பழைய இடத்துக்கு வந்திருந்தது. கல் தொங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நெற்றி நிறைய திருநீறு பூசியிருந்தார்.

நான் காலில் விழக்கூட இல்லை. "கேட்டுச்சாப்பா?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல" என்றார் அப்பா.



"அது வரைக்கும் எல்லாம் சுத்தமா கேட்டுச்சு" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "ஐயரு மந்திரம் கேட்டுச்சு. நாதஸ்வரம் கேட்டுச்சு. உங்கம்மா யாரையோ தண்ணி வைக்கலேன்னு திட்டுனது கூட கேட்டுச்சு. வீட்டுல உக்காந்து ரேடியோ கேக்குற மாதிரி இருந்துச்சு. அப்புறம் திடீர்னு கரகரன்னு வந்துச்சு பாரு, காதே கிழிஞ்சு போச்சு. அவ்வளவு நேரம் சுத்தமா வந்தது அப்படிக் கெட்டுப்போகுதுன்னா, அது வேற என்னவா இருக்கும்? கெட்டிமேளம்தான்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் லைன் செத்துருச்சு. எனக்கு வேண்டிய நேரம் கிடைச்சிருச்சு."

நான் நின்ற இடத்திலேயே சிரித்தேன். மாமாவின் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி வந்தாள். இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் கவுண்டர் டெலிபோன். வயரைக் கழற்றி அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். உங்கள் அப்பா செய்திருக்கிற வேலையைப் பாருங்கள் என்று மலாயில் படபடத்தாள். ரிசீவரைத் திருப்பிக் காட்டினாள். பேசுகிற பக்கத்து ஓட்டைகளிலெல்லாம் வெள்ளையாக என்னவோ அடைந்திருந்தது. "ரோத்தி" என்றாள்.

அப்பா என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"அட்சதைக்கு இங்க அரிசிக்கு எங்க போறது? யாருகிட்ட கேக்குறது? காலையில குடுத்த ரொட்டியத் திங்காம வச்சிருந்தேன். அதப் பிச்சு உதுத்து கையில வச்சுக்கிட்டேன். மேளம் கேட்டதும் போட்டேன்."

"போனுக்குள்ளயாப்பா போடுவாங்க?"

"வேற எங்க போடுறது? அது வழியாத்தானே நீ இருந்த" என்றார்.

சத்தத்தைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தவள் நான். அவர் கையில் ஒரு பிடி அட்சதை கொடுத்து அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மிஸ்ஸியிடமிருந்து டெலிபோனை வாங்கிக்கொண்டேன். கட்டிலின் ஓரத்தில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து, கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையில் எடுத்தேன். கடைசி ஓட்டை வரைக்கும் எடுத்துவிட்டு, வாயால் ஊதித் துடைத்து மிஸ்ஸியிடம் கொடுத்தேன். கையில் இருந்ததைக் கீழே போட மனசு வரவில்லை. பாதியை என் தலையில் போட்டுக்கொண்டேன். மீதியோடு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். அவர் தலையைத் தாழ்த்திக் காட்டினார்.