கம்பி இறங்கிய இடம்

தியாகதுருகத்துக்கு மேற்கே எங்கள் நிலம். அப்பா போன பிறகு அண்ணனும் நானும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். தங்கச்சிக்கும் சரிபாதி கொடுத்தான் என்று ஊரே அவனை மெச்சியது. நானும்தான் மெச்சினேன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வரும்போதே அவன் சொன்னான்: "ஒன்னால முடியலன்னா சொல்லும்மா. நானே குத்தகைக்குப் பாத்துக்கிறேன்." தங்கச்சி மேல் என்ன அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மேட்டில் இருந்த செம்மண் அவனுக்கு, பள்ளத்துக் களிமண் எனக்கு. கிணறு நடுவில், இரண்டு பேருக்கும் பொது. இரண்டு பக்கமும் கரும்பு போட்டிருந்தோம். ஒருநாள் அவனுக்கு, ஒருநாள் எனக்கு என்று முறைத்தண்ணீர். கோடையில் கிணறு இறங்கிவிட்டால் முறைக்கு ஒரு சண்டை நிச்சயம்.

அந்தச் சண்டையை ஒழிக்கலாம் என்றுதான் ஈரம் பார்க்கிற கருவியை நான் வாங்கி வந்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு விவசாயப் பயிற்சியில் காட்டினார்கள். கைப்பிடியில் இரண்டு கம்பி, மேலே சின்னச் சின்ன விளக்குகள். மண்ணில் குத்தினால், ஈரம் நிறைய இருந்தால் நீலம், போதுமானதாக இருந்தால் பச்சை, குறைந்தால் ஆரஞ்சு, காய்ந்துவிட்டால் சிவப்பு.

"முறையே வாணாம்ணே. யாரு நெலம் காஞ்சிக்கினு கீதோ, அவங்களுக்கு மொதல்ல தண்ணி" என்றேன்.

"நீ சொன்னா சரிதாம்மா" என்றான். அவன் இவ்வளவு சுலபமாக எதற்கும் தலையாட்டியதில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடிக்கு அடி மண் மாறும், அதனால் எப்போதும் ஒரே இடத்தில் குத்திப் பாருங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு ஓரிடத்தைப் பிடித்து வேப்பங்குச்சி நட்டு அடையாளம் வைத்தோம். காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பார்ப்போம். என் பக்கம் பச்சை எரியும். அவன் பக்கம் சிவப்பு.

"பாரும்மா, மறுபடியும் செவப்புதான்" என்பான், ஏதோ அவனுக்கே வருத்தம் மாதிரி. நான் என் கையாலேயே வாய்க்காலை அவன் பக்கம் திருப்பிவிடுவேன்.

மத்தியானத்தில் என் கரும்பின் தோகை சுருண்டு நிற்கும். கேட்டால், "களிமண்ணு ஈரத்த வுடாதும்மா. வெயிலுக்கு அப்பிடித்தான் சுருளும்" என்பான். பாதி உண்மை. களிமண் ஈரத்தை இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பிக்குத் தெரிகிற ஈரமெல்லாம் வேருக்குக் கிடைத்துவிடாது. இந்த விவரம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்போது பச்சை விளக்கை நம்பினேன், அதைவிட அண்ணனை நம்பினேன்.

கோடை முடிகிற சமயம் கல்வராயன் மலைப்பக்கமிருந்து இறங்கி ஒரு பெருமழை அடித்தது. மறுநாள் அண்ணன் திருநாவலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். தனியாகவே போய்க் குத்திப் பார்த்தேன். என் பக்கம் நீலம். அவன் நிலத்தில் செம்மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு காலை எடுக்க விடவில்லை, ஆனால் வேப்பங்குச்சிக்குப் பக்கத்தில் ஆரஞ்சு எரிந்தது. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஓரடி தள்ளிக் குத்தினேன். நீலம். மறுபடி குச்சியடியில் குத்தினேன். ஆரஞ்சு.

உட்கார்ந்து கையால் தோண்டினேன். மேலே ஒரு பூச்சு செம்மண், அதன் கீழே மணல். எங்கள் நிலத்தில் ஏது மணல்? ஒரு பிடி அள்ளினேன். செம்மண்ணாக இருந்தால் உருண்டையாகப் பிடித்திருக்கும். இது விரலிடுக்கில் கொட்டியது. சின்னச் சின்ன நத்தையோட்டுத் துண்டுகள் மட்டும் உள்ளங்கையில் ஒட்டியிருந்தன. எனக்கு அந்த மணலைத் தெரியும். அண்ணன் வீடு கட்டும்போது மணலூர்பேட்டைப் பக்கமிருந்து வந்த ஆற்று மணல். அண்ணி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள் என்று, பூச்சு வேலைக்கு வெயிலில் நின்று அதைச் சலித்துக் கொடுத்தவள் நான்தான். எவ்வளவு ஊற்றினாலும் நிற்காமல் கீழே இறங்கிவிடுகிற அந்த மணலைக் கொண்டுவந்து கம்பி இறங்குகிற குழியில் கொட்டி வைத்திருக்கிறான். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். மோட்டாரைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால்கூடச் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன்.

மறுநாள் காலையில் அவன் வழக்கம்போலக் குச்சியடியில் குத்தினான். நான் கம்பியைப் பிடுங்கி ஓரடி தள்ளிக் குத்தினேன். நீலம் எரிந்தது. அவன் விளக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"யாரு சொன்னா ஒனக்கு?"

இல்லை என்று சொல்லவில்லை, தப்புதான் என்றும் சொல்லவில்லை. யார் சொன்னது என்பதுதான் அவனுக்கு முக்கியம்.

"நான் சலிச்ச மணலுண்ணே. எனக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து பழையபடி முறைத்தண்ணீர். முறைக்கு நான் முன்னாடியே போய் மோட்டார் கொட்டகையில் நின்றுவிடுவேன். சண்டை வந்தால் வரட்டும் என்று இருந்தேன்.

வெட்டுக்கு ஆள் வந்த அன்று அவனும் வரப்பில் வந்து நின்றான். "கரும்பு எளப்பமாத்தான் கீது. நான் சொன்னத ரோசன பண்ணியா?" என்றான். அதே குத்தகைப் பேச்சு.

நான் பதில் சொல்வதற்குள் வெட்டிக்கொண்டிருந்த ஆள் ஒரு கழியைத் தூக்கிக் காட்டினார். "இன்னாக்கா இது? அடியில நல்லா போய்க்கினு இருந்துச்சி. நடுவுல கணு கணுவா நெருங்கிடுச்சி. மேல மறுபடியும் நீட்டமா போவுது."

தண்ணீர் குறைந்த காலத்தில் கரும்பு கணுவை நெருக்கிக்கொள்ளும். அது அண்ணனுக்கும் தெரியும். கழியை வாங்கி அவன் கையில் கொடுத்தேன். நெருங்கிய கணுக்களை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"இது நீ எடுத்துக்கினது. இதுக்கு மேல இருக்கறது நான் நின்னு வாங்கினது. வெட்டு முடிஞ்சதும் இந்த அடிக்கட்டையிலேர்ந்தே மறுபடியும் துளுக்க வுட்டு, கட்டக் கரும்பு வுடப்போறேன். குத்தகப் பேச்சு இனிமே வாணாம்."

வெட்டு ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அந்தக் கழியைக் கீழேயும் போடாமல், கடிக்கவும் முடியாமல், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.