கால் நனைக்காத விடுமுறை

செப்டம்பர் முதல் சனிக்கிழமை, காலைத் திருப்பலி முடிந்த கையோடு, சிலுவையின் தோணி தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் கிளம்பியது. காற்றுக்காலம் ஓய்ந்தபின் அந்த ஆண்டின் முதல் நடை. அடியில் செங்கல், மேலே வெங்காயமும் உருளைக்கிழங்கும். தோணியை நடத்திப் போகும் தண்டல் சிலுவைதான். அவர் மனைவி பேபிக்கும் மறுநாள் பயணம். ரோமில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெபிஷா டிக்கெட் போட்டு அம்மாவை அழைத்திருந்தாள்.

"நீ விமானத்துல பறக்க, நான் வெங்காயத்து மேல படுத்துக் கிடக்கேன். எல்லாம் நேரந்தான்," என்று சிலுவை சிரித்தார். "அங்கன கடல்ல இறங்கிப் பாத்துட்டு தண்ணி எப்படி இருக்குன்னு சொல்லுளா."

"நீங்க கரையேறுனா இறங்குதேன். இல்லன்னா இல்ல."

சிலுவை கடலில் இருக்கும்வரை பேபி கடலில் கால் நனைப்பதில்லை. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. கல்யாணமான புதிதில் பயத்தில் தானாகப் பிடித்துக்கொண்டது, மகள் வேலைக்குப் போனபிறகும் விடவில்லை. இறால் கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர்கள், "பேபியக்கா, குழாத்தண்ணியும் இப்ப உப்பாத்தான் வருது, அதுலயும் கால வச்சிராதீங்க," என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ரோமில் இறங்கியபின் மகள் கூட்டிப்போன கடற்கரை ஊரில் பைன் மரங்கள் மணல்வரை இறங்கி நின்றன. வீடுகள் பச்சைக்குள் ஒளிந்து கிடந்தன. சைக்கிள் மணியைத் தவிரச் சத்தமில்லை. துறைமுக லாரிகளின் இரைச்சலில் வளர்ந்த பேபிக்கு அந்த அமைதி பிணம் எடுத்துப்போன துக்கவீடு போலப் பட்டது.

மூன்று நாளில் மாலத்தீவின் தலைநகர் மாலே சேர்ந்ததும் சிலுவை போன் செய்வது வழக்கம். செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. வியாழனன்று தோணி முதலாளி வெள்ளத்துரையை அழைத்தாள்.

"காத்து மாறியிருக்கும்மா. கொஞ்சம் பிந்தும். நீ நல்லா ஊரைச் சுத்திப் பாரு."

"அண்ணாச்சி, கூடப் போன தோணியெல்லாம் சேந்துட்டா?"

"சேந்துட்டும்மா," என்றார்.

அதிலிருந்து பேபி கடற்கரைக் குடைக்குக் கீழே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யம்மா, குளம் மாதிரி கிடக்கு. சும்மா வாயேன்."

"நீ குளி. நான் துணிக்குக் காவல் இருக்கேன்."

"இங்கன யாரு துணியத் திருடப் போறா?"

"கறுப்புக் கண்ணாடி போட்டவன் ஒருத்தன் பாத்துக்கிட்டே இருக்கான்."

"எல்லாரும் கறுப்புக் கண்ணாடிதாம்மா போட்டிருக்காங்க!"

வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில், குளிப்பவர்களைக் கவனிக்கும் காவல் மேடையில் இருந்த இளைஞன் இறங்கிவந்து கம்பத்தில் சிவப்புக் கொடியை ஏற்றினான். குடைகளுக்குக் கீழே கிடந்தவர்கள் எழுந்து, துண்டை உதறி, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மரங்களுக்குள் போனார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடற்கரை காலியாகிவிட்டது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் என்ன நடக்கும் என்று பேபி அறிவாள். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் வெயில் பளிச்சென்று அடித்தது. ஜெபிஷா மட்டும் தூரத்தில் கண்ணை மூடி மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள்.

"ஏளா ஜெபிஷா! கரைக்கு வாளா!"

அவள் காதெல்லாம் தண்ணீர். பேபி சேலையோடு ஓடினாள். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. மகளின் முடி கையில் அகப்பட்டதும் பிடித்து இழுத்தாள்.

"யம்மா! விடு, வலிக்கி! என்னாச்சு?"

"கொடி ஏத்திட்டான்! கடலு வருது!"

ஜெபிஷா திரும்பிக் கம்பத்தைப் பார்த்தாள். "அவன் சாப்பிடப் போறாம்மா. இந்நேரம் காவலுக்கு ஆள் கிடையாதுன்னு கொடி போடுதான். எல்லாருமே சோத்துக்குத்தான் போறாங்க." சிரிக்கத் தொடங்கியவள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

தான் நிற்கும் இடம் பேபிக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்குப் பல் கிடுகிடுத்தது.

"நான் இறங்கிட்டேனே. உங்கப்பா இன்னும் கரையேறலியே."

அதற்கு இரண்டாம் நாள், தோணியைக் காணவில்லை என்ற செய்தி வந்தது. பேபி ஊர் திரும்பினாள். விமானங்கள் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தன. கடலில் இறங்கியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உப்புக் காய்ந்து விறைத்த அந்தச் சேலையை அலசப் பயந்து பீரோவின் அடியில் திணித்துவைத்தாள். ராத்திரி முழிப்பு வரும்போதெல்லாம் மார்புவரை தண்ணீர் நிற்பது போலிருக்கும். இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளன்று, சிலுவைக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றலாமா என்று கொழுந்தன் தயங்கிக் கேட்டார்.

"ஏத்துனா ஊதி அணைச்சிருவேன்," என்றாள்.

நவம்பர் கடைசியில், மழை கொட்டிய ஒரு சாயங்காலம், தெரியாத நம்பரிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அதைத் தொட விரல் வராமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தொட்டாள்.

"ஏளா, நான்தான். எஞ்சின் நின்னுட்டு, பாயும் கிழிஞ்சிட்டு, நீரோட்டம் இழுத்த பக்கம் போனோம். மீன்புடிக் கப்பல்காரன் ஒருத்தன் பாத்துத் தூக்கியாந்து ஏதோ தீவுல விட்டிருக்கான். எல்லாப் பயலுவளும் உயிரோட இருக்கோம். மழைத்தண்ணியும் உருளைக்கிழங்கும் வெங்காயமுந்தான் சாப்பாடு. நான் வாரப்ப வீட்டுல வெங்காயம் கண்ணுல படக்கூடாது, சொல்லிட்டேன். அழுவாத. அங்கன கடல்ல இறங்குனியா? தண்ணி எப்படி இருந்துச்சு?"